லயம்: மலைத்தோட்டத்துச் சொல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளின் தொகுதிக்கு லயம் என்று பெயர். இலங்கை மலையகத்திலும் மூணாறு மலைகளிலும் தமிழர் வாயில் வழங்கும் இச்சொல்லை மலையாளமும் அதே பொருளில் கொண்டிருக்கிறது. இசையின் தாளகதியைக் குறிக்கும் வடசொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. குதிரை கட்டும் ‘லாயம்’ வேறு சொல். ஆங்கிலேயத் துரைமார் ‘லைன்’ என்றது தொழிலாளர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லோடு சேர்ந்து மலையகத்தில் ‘லயக் காம்பிரா’ என்றும் வழங்குகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அந்தக் காம்பிராவின் வழக்கமான அளவு. அதற்குள் ஒரு குடும்பம்.

மழைக்காலச் செய்திகளில் இச்சொல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த மலைப்பகுதி ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள்; எங்கே போவது என்பதைக் கேட்டவர் குறைவு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும்வரைதான் அறை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, தலைமுறைகளாகச் சொந்தக் காணி இன்றி நாட்கூலியில் வாழ்ந்தவர்களுக்கு, மாற்றிடம் தராத எச்சரிக்கை காகிதமாகவே நின்றது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை வாரிச் சென்றபோது 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர், பலருக்குப் பூர்விகம் கயத்தாறு வட்டாரம். மழையில் தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் வெளியுலகம் விடிந்த பிறகே அறிந்தது.

மழையும் முன்போல் இல்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பல நாள் பரவிப் பெய்ய வேண்டியது சில மணி நேரத்தில் கொட்டினால், மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறி, சரிவு தன் பிடிப்பை இழக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைக் குலைத்த ஒருநாள் மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கடுமையாகியிருந்ததாக உலக வானிலைக் காரணியாய்வுக் குழு (World Weather Attribution) கணித்தது. அங்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் சிக்கின. வயநாட்டில் அவற்றைப் ‘பாடி’ என்பார்கள்.

லயத்துக்குத் தமிழ் நிகரன் எது? ‘வரிசை வீடு’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் வீடு, மனை, இல்லம் ஆகியவை உரிமையை உணர்த்துபவை. அந்த உரிமை இல்லாததே இங்கு மையச் சிக்கல் என்பதால் ‘தோட்ட வரிசைக் குடியிருப்பு’ என்பதே என் தேர்வு. அரசாணையிலும் பாடநூலிலும் அதை எழுதலாம். ‘தோட்ட வீடு’ என்று மட்டும் எழுத வேண்டாம். நகரவாசிக்கு அது விடுமுறை பங்களாவாகத் தோன்றும். அங்கே வாழ்பவரின் பேச்சை எடுத்தெழுதும்போது லயம் என்பதை மாற்றாமல் விடுவதே முறை.