எரித்துப் பார்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள்

"இது கொட்டன்தானே?" என்று, அதாவது பருத்திதானே என்று கேட்காமல் யாழ்ப்பாணத்தில் யாரும் துணி எடுப்பதில்லை. "ஓம், சுத்தக் கொட்டன்" என்ற பதில் கிடைக்காமல் யாரும் கடையை விட்டு வெளியே வந்ததுமில்லை. கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. மொத்த வியாபாரி சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். தைக்க வரும் துணியை வெட்டுமேசையில் விரித்துப் பார்க்கும் எங்களுக்குத்தான், சொன்ன பெயர் ஒன்று, உள்ளே கிடக்கும் நூல் இன்னொன்று என்பது தெரியவரும்.

இப்போது வட்சப்பில் சுற்றும் காணொளிகளால் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. எந்தத் துணியென்றாலும் உடனே ஒரு மூலையைக் கொளுத்திப் பார்ப்பது. எரித்துப் பார்ப்பது நல்ல சோதனைதான், நானும் செய்கிறேன். ஆனால் அது நாரின் குடும்பத்தை மட்டும் சொல்லும். அதற்கு முன்னால் கண்ணாலும் கையாலும் ஒரு துளி தண்ணீராலும் அறியக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நார் ஒன்று. நாரை முறுக்கி எடுக்கும் நூல் இரண்டாவது. நூலை நெய்தோ பின்னியோ ஆக்கும் துணி மூன்றாவது. பருத்தி, பட்டு, கம்பளி, ரேயோன், பொலியெஸ்டர் எல்லாம் நாரின் பெயர்கள். சற்றின், வொயில், ஜோர்ஜெற், டெனிம் எல்லாம் துணியின் பெயர்கள். நூல்கள் மேற்பரப்பில் நீளமாக மிதந்து கிடக்கும்படி நெய்வது சற்றின். அதைப் பட்டிலும் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். ஜோர்ஜெற் என்பது கடுமையாக முறுக்கிய நூலால் நெய்த மெல்லிய துணி. ஒருகாலத்தில் அது பட்டு. இன்று கடையில் தொங்குவதில் பெரும்பங்கு பொலியெஸ்டர். ஆகவே பளபளப்பை வைத்துப் பட்டு என்று தீர்மானிப்பதில் அர்த்தமில்லை. பளபளப்பில் பாதி நெசவின் வேலை.

என்னிடம் தையல் பழக வருகிறவர்களின் கையில் ஊசி கொடுப்பதற்கு முன் இரண்டு பிடி பஞ்சு கொடுப்பேன். ஒன்று பருத்தி, மற்றது வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு. இரண்டையும் விரலால் இழுத்து நூலாக முறுக்கச் சொல்வேன். பருத்தி எப்படியோ நூலாகிவிடும். இலவம் நழுவி நழுவிப் பிய்ந்துபோகும். பூதக்கண்ணாடி போதாது, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தால் காரணம் தெளிவாகத் தெரியும். பருத்தி நார் காய்ந்து தட்டையாகி, முறுக்கிய ரிபன் போல இருக்கும். அந்த முறுக்குகள்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இலவம் நார் உள்ளே வெற்றிடமான வழுவழுத்த குழாய், மேலே மெழுகுத்தன்மை வேறு. பற்றிக்கொள்ள அதில் எதுவுமில்லை. பனந்தும்பையும் சேர்த்துக் காட்டுவதுண்டு. நீளம் இருக்கிறது, பலம் இருக்கிறது, ஆனால் வளைய மறுக்கிறது. தூரிகைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை, சட்டைக்கு ஆகாது. இந்த ஒரு பாடம் விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்தது நூல். துணியின் வெட்டுவாயிலிருந்து பாவில் ஒரு நூலையும் ஊடையில் ஒரு நூலையும் உருவி எடுங்கள். கரைக்குச் சமாந்தரமாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே நாராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நூலை முறுக்குக்கு எதிராகத் திருப்பிப் பிரித்தால், அங்குலம் ஒன்று, ஒன்றரை நீளமான துண்டு நார்களாகக் கழன்று வருகிறதா, இல்லை அறாமல் தொடர்ந்து ஓடும் இழைகளாக இருக்கிறதா என்று தெரியும். பருத்தி துண்டு நார். பட்டு ஒரு கூட்டிலிருந்தே பல நூறு மீற்றர் அறாமல் வரும் இழை. பொலியெஸ்டரையும் நீள இழையாகவே இழுக்கிறார்கள். ஆனால் பருத்தியோடு கலந்து நூற்பதற்காக அதைப் பருத்தி அளவுக்கு நறுக்கியும் விடுகிறார்கள். ஆக, நீள இழை கண்டால் அது பருத்தியல்ல என்று சொல்லிவிடலாம். துண்டு நார் கண்டால் பருத்திதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வேட்டிக்கடையில் 40, 60, 80, 100 என்று சொல்லும் இலக்கம் நூலின் பருமனைக் குறிப்பது. 840 யார் (கெஜம்) நீளமான நூற்கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் எடை வரும் என்பதே அந்த இலக்கம். இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். எந்த நார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 100 என்று சொன்னதும் சுத்தப் பருத்தி என்று நினைத்துக் காசு கொடுப்பவர்களைப் பார்க்கிறேன்.

ரேயோனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீட்டில் போடும் சட்டைகளுக்கு அதை விரும்பி எடுக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், அழகாக விழும், பருத்தி என்றே விற்பார்கள். எரித்தாலும் பருத்தி மாதிரியே கடதாசி எரியும் மணம்தான் வரும். காரணம், இரண்டும் செலுலோசு, அதாவது தாவர நாரின் மூலப்பொருள். மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக இழுத்தது ரேயோன். இங்கே நெருப்பு தோற்றுப்போகும், தண்ணீர் வெல்லும். உருவிய நூலின் நடுவில் மட்டும் ஈர விரலால் நனைத்து, இரு முனையையும் பிடித்து இழுங்கள். நனைத்த இடத்திலேயே அறுந்தால் அது ரேயோனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பருத்தி நனைந்தால் பலம் கூடும் என்பதால் வேறிடத்தில் அறும். சாதாரண ரேயோன் ஈரத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பலத்தை இழந்துவிடும். அதைக் கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிந்துவிட்டு, ஆறு மாதத்தில் நைந்துவிட்டது என்று தைத்தவரைக் குறை சொல்லி என்ன பயன்?

கஞ்சியும் ஏமாற்றும். மொறமொறவென்று நிற்கும் மலிவுத் துணியின் ஒரு மூலையை இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து அந்த இடம் தளர்ந்தால், நீங்கள் துணிக்கு மட்டுமல்ல, கஞ்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

கலப்புத் துணி என்றாலே கள்ளத் துணி என்று நினைக்க வேண்டாம். மாரிமழையில் பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஒரே இரவில் காய வேண்டுமென்றால் பொலியெஸ்டர் கலந்தது கை கொடுக்கும். 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கலவை. ஆனால் ஆவணி வெயிலில் நல்லூர் வீதியில் நிற்கும்போது கணக்கு மாறும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 வீதத்துக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், பொலியெஸ்டர் அரை வீதம்கூட வாங்காது. வியர்வை துணிக்குள் போகாமல் உடம்பில் நிற்பது அதனால்தான். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று எடுங்கள். எது எதுவென்று தெரிந்து எடுங்கள்.

சரி, நெருப்புக்கு வருவோம். துணியையே கொளுத்தாதீர்கள். பாவு நூல் நாலைந்து, ஊடை நூல் நாலைந்து, தனித்தனியே முறுக்கி, சாமணத்தால் பிடித்து, மெழுகுதிரியின் பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் இருக்கட்டும். பருத்தி சட்டென்று பற்றும், தணிந்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும், மெல்லிய சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் தயங்கி எரியும், நெருப்பை எடுத்தால் அநேகமாகத் தாமே அணையும், தலைமயிர் கருகும் நாற்றம் வரும், மிஞ்சும் கருமணி விரலில் பொடியும். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கும், உருகும், கரும்புகை விடும், ஆறியபின் நசுங்காத கட்டியாகும். நைலோனும் உருகிக் கட்டியாகும். இந்த இரண்டையும் வீட்டில் பிரித்தறிவது கடினம், பெரும்பாலும் தேவையுமில்லை. கலப்பு நூலில் கடதாசி மணமும் கட்டியும் சேர்ந்தே வரும். எத்தனை வீதம் என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிறு சோதனையில் தெரிவது அடுப்படியில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தளர்ந்த பருத்திச் சட்டையில் தீ வேகமாக ஏறும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கலப்புத் துணியிலோ, கருகிய பருத்தி உதிராமல் நின்று உருகியதைச் சொட்டவிடாமல் பிடித்துக்கொள்வதால் தீ நின்று எரியும். எந்தத் துணியும் பாதுகாப்பென்று இல்லை. தொங்கும் சட்டைக்கையும் பறக்கும் முந்தானையும்தான் முதலில் பற்றும், சமைக்கும்போது அவற்றைச் செருகிக்கொள்ளுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள், தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள், பற்பசை பூசாதீர்கள், வைத்தியசாலைக்குப் போங்கள்.

கூறைச் சேலையில்தான் பெரிய பணம் போகிறது. முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல் பாவு மட்டுமே. அதை எரித்து மயிர் நாற்றம் வந்தவுடன் திருப்திப்பட்டுவிடுவார்கள். ஊடை பொலியெஸ்டராக இருக்கலாம், அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நெருப்பு வேண்டாமென்றால், வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் திரவத்தில் அந்த நூலைப் போட்டு வையுங்கள். பட்டு கரைந்துபோகும், பருத்தியும் பொலியெஸ்டரும் கரையாது. இந்தியாவில் 2004இலிருந்து சுத்தப் பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை கொடுக்கிறார்கள். அது பட்டுக்குத்தான் சாட்சி, சரிகையில் எவ்வளவு வெள்ளி என்பதற்கல்ல. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாவும் ஊடையும் பட்டு என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் பண்ணுகிற கடை எழுதித் தரத் தயங்கினால், பக்கத்துக் கடையிலும் கூறை இருக்கிறது.