கார்த்திகை மழையில் காப்பியைக் காயவைப்பது எப்படி?

குடகில் காப்பி பறிக்கும்போது பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும். நம் மாஞ்சோலை மலையில் அராபிகா வகைக் காப்பி பழுக்கிற கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து பக்கம் பெய்கிற மழை தமிழ்நாட்டுக் கணக்கிலேயே முன்வரிசை. மரத்தில் நன்றாக இருந்த பழம் களத்துக்கு வந்து கெடுவதுதான் இங்கே பெரிய நஷ்டம்.

பறித்த அன்றே பல்ப்பரில், அதாவது பழத்தோல் உரிக்கும் இயந்திரத்தில், தோலுரித்துவிடுங்கள். சாக்கில் ஒரு ராத்திரி கிடந்தாலே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். முதலில் தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளிவிட வேண்டும். பச்சைக்காயின் தோல் வழுக்காது. அதைப் பொறுக்கித் தனியே காயப்போடுங்கள். பல்ப்பரில் இடைவெளி நெருங்கினால் கொட்டை வெட்டுப்படும், தளர்ந்தால் தோலும் சேர்ந்து விழும். தினமும் முதல் கூடையை ஓட்டிப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

கொட்டையின் வழவழப்பு கரைய, தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஆகும். குளிர் கூடினால் இன்னும் நீளும். கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடி கழுவித் தேய்த்தால் சரளை உரசுவதுபோல நறநறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் கொட்டை நாறும். அந்த வாடை வறுத்தாலும் போகாது.

இனிதான் களத்து வேலை. அடைமழை என்றால், கழுவிய கொட்டையைக் குவித்து வைப்பதைவிடச் சுத்தமான தண்ணீரில் மூழ்கவிட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே ஒரு நாள் பொறுப்பது மேல். காயவைக்க இடுப்புயரக் கம்பிவலை மேடையும் மேலே பாலித்தீன் கூரையும் போதும். இருபுறமும் திறந்திருக்கட்டும், மூடிய கூடாரத்தில் ராத்திரி வியர்த்து நீர் சொட்டும், காய்ந்தது மறுபடி நனையும். அதுதான் பூஞ்சைக்கு வழி. சுமார் 4 செ.மீ. கனத்தில் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறுங்கள். முதல் நாளே உச்சி வெயிலில் போட்டால் கொட்டையை மூடியிருக்கிற மெல்லிய ஓடான தோடு வெடித்துவிடும்.

ஈரப்பதம் 10-11 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பல்லில் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிற பெரியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஈரப்பத மீட்டர் வாங்கிவிடுங்கள். ஈரத்தோடு கட்டிய மூட்டையில் ஓக்ராடாக்சின் ஏ என்ற பூஞ்சை நஞ்சு உருவாகலாம். அது சிறுநீரகத்துக்குக் கேடு. வறுத்தால் குறையுமே தவிர முற்றாக நீங்காது.

கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். மாஞ்சோலைப் பக்கத்து ஓடைகள் மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணிக்குப் போகின்றன. புளித்த கழுநீர் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். குழியில் தேக்கி, சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறியுங்கள். தோல் எருக்குழிக்குப் போகட்டும்.

100 கிலோ பழத்தில் தோட்டோடு சுமார் 20 கிலோ, தோட்டை உடைத்து நீக்கியபின் 16 கிலோ கிடைக்கும். உடைக்கும்போது ஈரம் மிஞ்சியிருந்தால் கொட்டை நசுங்கும், மிகக் காய்ந்திருந்தால் நொறுங்கும். விற்கிறவரை தோட்டோடே வைப்பது நல்லது. மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஏலக்காய், மிளகு, உரம் எதுவும் அதே அறையில் வேண்டாம். காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.