நாடா: டேப்புக்கு வாய்த்த சொல்

சர்வரின் தரவைக் காப்பெடுக்கும் டேப்பை நான் ‘நாடா’ என்றே எழுதுகிறேன். பாவாடை நாடாவை நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும், ஆங்கில டேப்பும் அந்த வம்சம்தான். பழைய ஆங்கிலத்தில் அது கட்டுவதற்கான ஒடுக்கமான துணித்துண்டு. நம் நாடாவும் அசல் தமிழில்லை. இந்தியில் பைஜாமாவின் இடுப்பில் கோத்து முடிகிற கயிற்றுக்கு இன்றும் இதுவே பெயர்.

தனித்தமிழ் வேண்டுவோர் ‘காந்தப்பட்டை’ என்பார்கள். ஆனால் வங்கி அட்டையின் முதுகில் இருக்கும் கறுப்புக் கோடுதான் காந்தப்பட்டை. சுருளிலிருந்து சுருளுக்கு ஓடுவதற்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

ஓட்டம் என்று வரும்போதுதான் நாடாவின் இன்னொரு பொருள் கைகொடுக்கிறது. தறியில் ஊடை நூலைச் சுமந்து இப்பக்கமும் அப்பக்கமும் பாய்கிற கருவியும் நாடாதான். காப்பெடுக்கும் நாடா வகைகளில் ஒன்றான எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜைப் பாருங்கள்: அரை அங்குல அகலம், 1,035 மீட்டர் நீளம், தரவை எழுத நீளவாக்கில் 8,960 தடங்கள். எழுதும் தலை ஒரே நேரத்தில் 32 தடங்களில் எழுதும். அதனால் முழுதும் நிரம்ப நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக 280 முறை ஓட வேண்டும். பெயர் வைத்தவர் இதை நினைத்திருக்க வாய்ப்பில்லை; இருந்தும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

லினக்ஸில் நாடாவை ஓட்டும் டிரைவை இணைத்ததும் ஒரே கருவிக்கு இரண்டு பெயர்கள் தோன்றும்: எஸ்டி0, என்எஸ்டி0. ‘எஸ்டி’ என்பது ஸ்கஸி டேப்; ஸ்கஸி என்பது கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை. முன்னால் நிற்கும் ‘என்’, வேலை முடிந்ததும் பின்சுற்றாதே என்பதற்கான அடையாளம். இந்த ஓர் எழுத்தை நான் அலட்சியம் செய்திருக்கிறேன். மூன்று அடைவுகளை (ஃபோல்டர்களை) ஒன்றன்பின் ஒன்றாக எஸ்டி0-க்கு அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதி, பிழைச்செய்தி எதுவும் வராததில் மகிழ்ந்துபோனேன். ஒவ்வொரு முறையும் நாடா தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு முந்தையதன் மேலேயே எழுதியிருக்கிறது. கடைசி அடைவு மட்டும் மிஞ்சியது. என்எஸ்டி0 என்றால் எழுதி முடித்த இடத்தில் தொகுப்பு முடிந்தது என்று காட்டும் ஒரு கோப்புக்குறியை வைத்துவிட்டு அங்கேயே நிற்கும். பிறகு இரண்டாவது தொகுப்பைப் படிக்க, நாடாவை நகர்த்துவதற்கான ‘எம்டி’ கட்டளையால் அதைப் பின்சுற்றி ஒரு குறியைத் தாண்ட வேண்டும்.

தொகுப்பைக் கட்டித்தரும் ‘டார்’ கட்டளைக்கும் தாருக்கும் தொடர்பில்லை. டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம் அது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்தது. நாடாவையே பார்த்திராதவர்கள் இணையத்திலிருந்து இறக்கும் டார் கோப்பிலும் தரவு இன்னமும் 512 பைட் துண்டுகளாகத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. ‘நாடாத் தொகுப்பு’ என்று தமிழில் சொல்லலாம். கட்டளையின் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.

பேக்கப்புக்குக் ‘காப்புநகல்’ நிலைத்துவிட்டது, நல்ல சொல். எனக்குச் சொல் கிடைக்காமல் இருந்தது வேறொன்றுக்கு. சர்வர் போதிய வேகத்தில் தரவை ஊட்டாவிட்டால், நாடா நின்று, சற்றுப் பின்னுக்குப் போய், மறுபடி வேகமெடுத்து எழுதும். இது ஓயாமல் நடந்தால் நாடாவும் தேயும், தலையும் தேயும். ஷூவுக்குப் பாலிஷ் போடும் துணியின் போக்குவரத்தைக் கண்டு ஆங்கிலத்தில் ‘ஷூ ஷைனிங்’ என்கிறார்கள். நான் ‘நாடா அலைச்சல்’ என்று எழுதுகிறேன். டாருக்கும் டிரைவுக்கும் நடுவே தரவைச் சற்றே தேக்கிவைத்து அனுப்பும் ‘எம்பஃபர்’ போன்ற நினைவகத் தாங்கல் ஒன்றை வைத்தால் அலைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று. கார்ட்ரிட்ஜைக் கழற்றி மறுநாள் செருகினால் நாடா தொடக்கத்தில்தான் நிற்கும். அப்போது என்எஸ்டி0-வும் காப்பாற்றாது. எழுதும் முன் எம்டி-யிடம் ‘இஓடி’ என்று சொல்லி, தரவு முடிகிற இடத்துக்கு நாடாவை ஓட்டிக்கொள்ளுங்கள்.