சுண்ணாம்பு போட்டும் கேழ்வரகு தெளியவில்லையா?

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மஞ்சள் பையில் மண் கொண்டுவந்தார். கூடவே வேரோடு பிடுங்கிய நாலு கேழ்வரகுப் பயிர். இலை வெளிறியிருந்தது, வேர் குட்டை, நுனி பழுப்பு.

“உலோக நஞ்சுக்குச் சுண்ணாம்பு நல்லதுன்னாங்க சார். போட்டேன், பயிர் தெளியலையே?”

சொன்னவர் பொய் சொல்லவில்லை. காட்மியத்துக்குச் சுண்ணாம்பு நல்ல மருந்துதான். ஆனால் தோல் ஆலைகள் நிறைந்த பாலாற்றுப் பக்கம் நம் தலைவலி குரோமியம். தோல் பதனிடப் போடும் குரோமிய உப்பில், பழைய முறையில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். அது குரோமியம்-3 என்ற வடிவம்; மண்ணில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் கொஞ்சத்தைக் குரோமியம்-6 என்ற வடிவமாக்கிவிடும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமேட்டிலோ இந்தக் குரோமியம்-6 நேரடியாகவே இருக்கிறது. அதற்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகளுக்கும் அதே. ஒட்டாமல் தண்ணீரோடு ஓடி வேருக்குப் போகும். மண்ணில் காரம் ஏற ஏற ஓட்டமும் கூடும். சுண்ணாம்பு அந்தக் காரத்தைத்தான் ஏற்றுகிறது.

இங்கே கைகொடுப்பது மட்கிய தழையும் தொழுவுரமும். மட்கு எலெக்ட்ரானைக் கொடுத்து குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக இறக்கும். குரோமியம்-3 படிந்து உட்கார்ந்துவிடும். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை விதைத்து, 45 நாள் வாக்கில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள்; அப்புறம் 5 டன் மட்கிய தொழுவுரம். நான் முதலில் சொல்வது இதுதான். தக்கைப்பூண்டு உப்பையும் தாங்கும். தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் குரோமியத்துக்கு முன்னால் பயிரை வாட்டுவது பல சமயம் உப்புதான்.

இப்போது எல்லோரும் பயோசார் கேட்கிறார்கள். சீமைக்கருவேல மூட்டக்கரியைப் பொடித்தாலே பயோசார்தான். உலோகத்தைப் பிடிக்கும், சரி. ஆனால் கரிக்கும் பொதுவாகக் காரம் உண்டு; ஏற்கெனவே களராகிப்போன மண்ணில் அள்ளிக் கொட்ட வேண்டாம். அப்படியே போட்டால் தழைச்சத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சாணக் கரைசலில் சில நாள் ஊறவைத்துப் போடுங்கள். நகரக் குப்பை உரம் வாங்குபவர்கள் ஆய்வறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நஞ்சுக்கு மருந்தென்று நஞ்சையே வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மட்கு எதையும் அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நம் வெயிலில் மட்கு சீக்கிரம் கரையும், பிடியும் தளரும். ஆகவே வருஷா வருஷம் போட வேண்டும். எல்லா உலோகத்துக்கும் இது பொருந்தாது: மேற்கு வங்கம் போல ஆர்சனிக் உள்ள இடத்தில், தண்ணீர் கட்டிய நெல் வயலில் பச்சைத் தழையை மடக்கினால் ஆர்சனிக் இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

வெளிறலை மட்டும் பார்த்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை. உப்பாகவும் இருக்கலாம், சுண்ணாம்பால் வந்த இரும்புக் குறையாகவும் இருக்கலாம். மண்வள அட்டையின் 12 இனங்களில் குரோமியம் கிடையாது. மொத்தக் குரோமியம், குரோமியம்-6 இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மண்ணை எதால் தோண்டினீர்கள் என்று அவரைக் கேட்டேன். எவர்சில்வர் கரண்டியாம். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறதே! மூங்கில் தப்பையால் தோண்டி மறுபடி எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.