மலையைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடாதீர்கள்

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. "போற வழியெல்லாம் பச்சையா இருக்கணும், படுத்துக்கிட்டும் போகணும், எந்த ரயில் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் பார்க்க நினைக்கும் இடத்தை அந்த ரயில் எத்தனை மணிக்குக் கடக்கிறது?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். 2019-ல் திருநகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். "தம்பி, காலேஜ் படிக்கிறப்ப மீட்டர்கேஜ் ரயில்ல பதிமூணு கண் பாலத்துல போயிருக்கேன். டீச்சருக்கும் காட்டணும்" என்று மனைவியைக் காட்டிச் சொன்னார். திருநெல்வேலியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டுக் கொடுத்தேன். செங்கோட்டை, தென்மலை, புனலூர் என்று வழி சரியாகத்தான் இருந்தது. அந்த ரயில் மலையை நடுராத்திரியில் ஏறி இறங்குகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து, "கண்ணு முழிச்சப்ப கோட்டயம் வந்துருச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 1904-ல் வந்தது. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018-ல்தான் மறுபடி திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகை, பள்ளத்தாக்கு, பிறகு கழுதுருட்டிக்குப் பக்கத்தில் கொல்லம் சாலையை ஒட்டிக் கருங்கல்லில் பதிமூன்று வளைவுகளோடு கட்டிய அந்தக் கண்பாலம். ரயில் மெதுவாகத்தான் போகும். பார்க்க வருகிறவர்களுக்கு அதுவே வசதி. மதுரைக்காரர்களுக்கு இதைப் பகலில் காட்டுவது குருவாயூர் எக்ஸ்பிரஸ். காலை 11 மணிக்கு மேல் இங்கே கிளம்பி, விருதுநகர், ராஜபாளையம் வழியாக மூன்று மணி வாக்கில் செங்கோட்டை போய், இருட்டும் முன் புனலூரில் இறங்கிவிடும். ராஜபாளையம் பக்கம் வலது கை ஜன்னலில் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தென்காசி வரை கூடவே வரும். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் பிடித்திருந்தால் மலை பாதிதான் தெரியும். எனக்கு அந்தப் பாதி மலைதான் பிடிக்கும்.

ஒரே தண்டவாளத்தில் ஒரே ரயில் போகும்போது ஒரு மாதிரி, வரும்போது ஒரு மாதிரி இருக்கும். சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ் மதுரையை நள்ளிரவுக்குப் பிறகு கடந்து, விடிவதற்கு முன்பே செங்கோட்டையை விட்டுவிடும். மலையில் பாதி இருட்டில் போய்விடும். அதே ரயில் திரும்பி வரும்போது கொல்லத்தில் மதியம் கிளம்புவதால் மலை முழுக்கப் பகலில் கிடைக்கும். போகிற ரயிலை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

பெயரை நம்பியும் ஏமாறுகிறார்கள். மதுரையிலிருந்து இரவில் கிளம்பும் புனலூர் எக்ஸ்பிரஸ் இந்த மலையில் ஏறுவதே இல்லை. நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம் என்று சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து புனலூர் போகிறது. 'மலை ரயில்' என்று நினைத்து இதில் டிக்கெட் எடுத்தவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

மேற்குக் கடலோரமாக மும்பைப் பக்கம் போகும் கொங்கண் பாதைக்கும் கணக்கு இதுதான். மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூருக்குப் பக்கத்துத் தோக்கூர் வரை 741 கி.மீ. என்பதால் எந்த ரயிலும் எல்லாவற்றையும் பகலில் காட்டாது. திருவனந்தபுரத்தில் காலையில் மும்பை போகும் நேத்ராவதி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் கேரளம் பகலில், கர்நாடகக் கடலோரம் ராத்திரியில், கோவா தாண்டியபிறகு ரத்னகிரிப் பக்கம் மறுநாள் பகலில். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஜூன் நடுவிலிருந்து அங்கே மழைக்கால அட்டவணை. வேகம் குறையும், நேரங்கள் மாறும். அருவி பார்க்க அதுதான் காலம், ஆனால் போன மாதம் போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். பாம்பனுக்கு ஸ்லீப்பரே வேண்டாம்; மதுரையிலிருந்து காலை ரயில் போதும்.

அப்புறம் பெர்த். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம். நடு பெர்த் போட்டிருந்தால் லோயரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. விடியலைப் பார்க்க வேண்டியவர்கள் நடைவழிக்கு அந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் இருக்கும் சைடு பெர்த் கேளுங்கள். அங்கே நடு பெர்த் கிடையாது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் எண்ணை எட்டால் வகுத்து மீதி ஏழு வந்தால் சைடு லோயர், மீதியில்லாமல் போனால் சைடு அப்பர். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் பகலில் எதிரெதிரே இரண்டு ஜன்னல். ஆர்ஏசி, அதாவது முழு பெர்த் உறுதியாகாத டிக்கெட் என்றால் சைடு லோயரை வேறொருவரோடு பகிர வேண்டும், ராத்திரி சிரமம். ஏசியின் நிறமேற்றிய கண்ணாடி மழையில் எதையும் தெளிவாகக் காட்டாது. மலை வரும் பகலுக்கு ஸ்லீப்பர், தூங்குகிற ராத்திரிக்கு ஏசி என்று இரண்டு ரயிலாகப் பிரித்துப் போடுங்கள் என்பேன்.

ஜன்னல் கிடைக்காவிட்டாலும் படிக்கட்டுக்குப் போகாதீர்கள். குகைச் சுவர் பெட்டிக்கு எவ்வளவு நெருக்கம் என்பது இருட்டில் தெரியாது. படியில் நின்று பயணிப்பது ரயில்வே சட்டம் 156-வது பிரிவின்படி குற்றமும்கூட. பிள்ளைகளைச் செல்போனோடு வாசலுக்கு அனுப்பாதீர்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. அதற்குள் அட்டவணையில் உங்கள் மலை நிலையத்தின் நேரத்தைப் பார்த்து, அந்த மாதம் எத்தனை மணிக்கு இருட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மதுரையிலேயே ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும். மலைக்குக் கிழக்குப் பக்கம் அதற்கும் முன்பே.

அந்த ஆசிரியருக்கு அடுத்த மாதமே கொல்லத்திலிருந்து வரும் மதிய ரயிலில் போட்டுக் கொடுத்தேன். அதிர்ஷ்டவசமாக 39, 40 கிடைத்தது. ஐயாவுக்கு ஒரு ஜன்னல், டீச்சருக்கு ஒரு ஜன்னல்.