தணிக்கை: கேட்பதும் காட்டுவதும்

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ அடித்து ஓய்ந்த பிறகு, வீடு கட்டவும் சாலை போடவும் அரசு பணம் ஒதுக்கும். அந்த அறிவிப்போடு ஒரு வரியும் சேர்ந்து வரும்: ‘இந்த நிதி தணிக்கைக்கு உட்பட்டது.’ வீட்டை இழந்தவருக்கு அதைக் கவனிக்க நேரம் இருக்காது. ஆனால் கூரை ஏறுமா, உடைந்த பாலம் மறுபடி நிற்குமா என்பதில் இந்த ஒரு சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

தணிக்கை என்றதும் சூட்டைத் தணிப்பதும் தாகத்தைத் தணிப்பதும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்தத் ‘தணி’க்கும் இதற்கும் உறவில்லை. தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் சோதனை, கன்னடத்தில் ‘தனிகே’ என்றால் விசாரணை. இவற்றோடு நம் தணிக்கையும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. அரபில் அதற்குக் கிளை கழித்துச் சீராக்குதல், எழுதியதைத் திருத்திச் செம்மை செய்தல் என்று பொருள். படத்துக்கும் தணிக்கை, கணக்குக்கும் தணிக்கை என்று ஒரே சொல்லை நாம் ஆள்வது ஏன் என்பது இதில் விளங்கும். இரண்டிலும் வேண்டாததைக் களைகிறார்கள். ஆனால் இதனால் ஒரு சங்கடமும் உண்டு. தணிக்கை என்று கேட்டவுடன் கத்தரிக்கோல்தான் மனதில் எழுகிறது.

இதற்கான ஆங்கிலச் சொல் ‘ஆடிட்’ வந்த வழி வேறு. லத்தீனில் ‘ஆடிரே’ என்றால் கேட்பது. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைப் பொறுப்பாளர் வரவு செலவை வாய்விட்டுச் சொல்வார்; ஆடிட்டர் உட்கார்ந்து கேட்பார், சந்தேகம் வந்தால் நிறுத்தி விசாரிப்பார். ஆக, ஆடிட்டர் என்பதன் முதற்பொருள் கேட்பவர். ஏட்டைப் புரட்டுவது பிறகு வந்து சேர்ந்த வேலை.

சரி, தமிழில் இதற்கு முன்பு என்ன சொன்னார்கள்? கணக்குக் காட்டுதல் என்றார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (பொது ஆண்டு 919, 921), ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அந்தத் தடை உண்டு. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். குளம், மதகு, கரை இவற்றைப் பராமரித்தவர்கள், இன்றைய பேச்சில் உட்கட்டமைப்புப் பணத்தைக் கையாண்டவர்கள், கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கும் பழைய ஏற்பாடு. இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையோடு கொஞ்சம் ஏக்கமும் வரும்.

கண்காணிப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணால் காண்பதுதான் அது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைப் பார்க்கும் அலுவலராகக் ‘கண்காணி’ வருகிறார். தோட்டக்காடுகளில் ‘கங்காணி’ ஆனதும் அதே சொல்தான். பலரும் தணிக்கையையும் கண்காணிப்பையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். வேலை நடக்கும்போதே கூட இருந்து பார்ப்பது கண்காணிப்பு. செலவு செய்தவருக்குக் கட்டுப்படாத இன்னொருவர் வந்து ஆராய்வது தணிக்கை. பேரிடர் நிதிக்கு இரண்டும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிட முடியாது.

ஏன் பேரிடர் நிதிக்கு என்று தனியாகச் சொல்கிறேன்? சாதாரணக் காலத்துக் கணக்கு முறை அங்கே அப்படியே செல்லாது. அவசரத்தில் ஒப்பந்தப்புள்ளி விதிகள் தளர்த்தப்படும். பத்திரமும் பட்டாவும் வெள்ளத்தோடு போயிருக்கும். ஒரே வீட்டுக்குக் காப்பீடு ஒரு தொகை தரும், அரசு ஒன்று தரும், தொண்டு அமைப்பு ஒன்று தரும். அமெரிக்காவின் ஸ்டாஃபோர்ட் சட்டம் ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பலன் பெறுவதைத் தடுக்க ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அப்புறம், பணத்தைக் கீழ்நிலை அலுவலகத்துக்கு அனுப்பியதையே செலவானதாக எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. ஏட்டில் பணம் தீர்ந்திருக்கும், மண்ணில் அடித்தளம்கூட இருக்காது.

2004 சுனாமிக்குப் பிறகு உலக நாடுகளின் உச்சத் தணிக்கை அமைப்புகள் சேர்ந்த ‘இன்டோசாய்’ இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2013இல் பேரிடர் உதவித் தணிக்கைக்கு 5500 என்ற எண் வரிசையில் வழிகாட்டிகள் ஏற்கப்பட்டன. அவசரக் கட்டத்தில் மோசடி கூடும் என்பதற்கேற்ப ஆய்வு முறையை மாற்றிக்கொள்வது பற்றி ஒன்று. வரைபட, இருப்பிடத் தகவல்களைப் பயன்படுத்துவது பற்றி இன்னொன்று. பின்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டியதாக எழுதிய வீடு அந்த இடத்தில் இருக்கிறதா என்பதைக் கோப்பால் மட்டும் சொல்லிவிட முடியாது.

கேட்காத தணிக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க மாநிலமான லூசியானா ஒரு பாடம். 2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்களுக்குப் பிறகு அங்கே ‘ரோடு ஹோம்’ என்ற வீட்டு உதவித் திட்டம் வந்தது. அடுத்த வெள்ளத்துக்குத் தப்புமாறு வீட்டை உயர்த்திக் கட்ட 30,000 டாலர் வரை தனியாகக் கொடுத்தார்கள். 24,000க்கும் மேற்பட்டோர் வீட்டை உயர்த்தியதற்கு ஆதாரம் இல்லை, ஏறத்தாழ 70 கோடி டாலருக்குக் கணக்கு இல்லை என்று கூட்டாட்சி வீட்டுவசதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013இல் அறிக்கை தந்தது. கணக்குப்படி அது சரி. ஆனால் பழுது பார்க்கக் கிடைத்த தொகை போதாமல் இந்தப் பணத்தையும் பழுதுபார்ப்பிலேயே போட்டோம் என்றார்கள் பலர். சுவரே நிற்காத வீட்டை எப்படி உயர்த்துவது? பணத்தைத் திருப்பிக் கேட்டு மாநில அரசு வீட்டுக்காரர்கள் மீதே வழக்குப் போட்டது. அந்த வழக்குகளை முடித்துக்கொள்ளும் உடன்பாடு 2023இல்தான் வந்தது. பணம் கொடுத்த நாளிலேயே யாராவது வாசலில் நின்று கேட்டிருந்தால் இவ்வளவு பேர் இத்தனை ஆண்டு அலைந்திருக்க வேண்டாம்.

இனி, தமிழில் எந்தச் சொல்? இலங்கைத் தமிழர் ‘கணக்காய்வு’ என்கிறார்கள். அரசின் தலைமைத் தணிக்கையாளர் அங்கே ‘கணக்காய்வாளர் தலைமை அதிபதி’. கணக்கை ஆய்வது என்று பார்த்தவுடன் பொருள் தெரிகிறது. படத்தை வெட்டுகிற நினைவும் வராது. எனவே கணக்காய்வையே நான் பரிந்துரைப்பேன். தணிக்கையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, அது நம் பேச்சில் ஊறிவிட்ட சொல். ‘சமூகத் தணிக்கை’யில் அது நல்ல இடத்திலும் இருக்கிறது: அறிக்கையை மக்கள் கூடிய சபையில் வாசிக்கிறார்கள், மக்கள் கேட்டு மறுப்பும் சொல்கிறார்கள். லத்தீன் வேரின் பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

மாற்றியே ஆக வேண்டும் என்று நான் நினைப்பது ‘தணிக்கைத் தடை’யைத்தான். ஆய்வில் எழும் ஆட்சேபத்தை அலுவலகங்களில் இப்படித்தான் எழுதுகிறார்கள். கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில் தர வேண்டும் என்ற பொருள் அதில் இல்லை. வழி அடைபட்டது என்றுதான் கேட்கிறது. பாதிச் சுவரோடு அடுத்த தவணைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் ‘தடை இருக்கிறது’ என்றால் அவர் பேசாமல் திரும்பிப் போவார். ‘உங்கள் வீட்டைப் பற்றி ஒரு கணக்காய்வு வினா வந்திருக்கிறது’ என்றால், என்ன வினா என்று கேட்பார்.