உங்கள் கதாபாத்திரத்துக்கு நீங்கள் வக்கீலா?

முதல் நாவல் எழுதுகிறவர்கள் எடிட்டரிடம் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் கதாபாத்திரம் என் சொல்பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. நான் ஒன்று நினைத்தால் அவள் வேறொன்று பேசுகிறாள். இது எல்லோருக்கும் நடப்பதுதானா?" நாலைந்து நாவல் எழுதியவர்கள் இதைக் கேட்பதில்லை. அவர்கள் இதையே பேட்டிகளில் பெருமையாகச் சொல்லத் தொடங்கியிருப்பார்கள்.

நடப்பதுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் அவருடைய குழுவினரும் புனைவெழுத்தாளர்கள் 50 பேரிடம் பேசி 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாத்திரம் தன் போக்கில் நடந்துகொள்ளும் அனுபவம் ஏதோ ஓர் அளவில் தங்களுக்கு உண்டு என்று அவர்களில் 92 சதவீதம் பேர் சொன்னார்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த எழுத்தாளர்கள் 181 பேரிடம் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதும்போது பாத்திரங்களின் குரல் கேட்கிறது என்றவர்கள் 63 சதவீதம். இதற்கு டெய்லர் தரும் விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு மனிதரை நெடுநாள் கற்பனை செய்து பழகிவிட்டால் அந்த வேலை தானாக நடக்கத் தொடங்கிவிடுகிறது. நாம்தான் செய்கிறோம் என்ற உணர்வு மறைந்து, விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1967-இல் ஒரு பேட்டியில் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட, 'லோலிடா' எழுதிய நபக்கோவ், தன் பாத்திரங்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அப்படி எழுதுகிறவர்களும் நல்ல நாவல் எழுதுகிறார்கள். பாத்திரம் உங்களோடு பேசவில்லை என்பதற்காக உங்களிடம் ஏதோ குறை என்று எண்ண வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரங்களும் உண்டு. குரல் காதுக்கு வெளியிலிருந்து வருவதாகத் தோன்றுவது, அது கட்டளையிடுவது அல்லது திட்டுவது, எழுத்தை மூடிவைத்த பிறகும் விடாமல் தொடர்வது, தொடர்ந்து பல இரவுகள் தூக்கம் இல்லாமல் போவது, இது கற்பனை என்ற தெளிவு நழுவுவது போன்றவை அந்த நேரங்கள். படைப்பு மனநிலை என்று நண்பர்கள் புகழ்ந்தாலும் மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள். நாவல் காத்திருக்கும்.

பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு சிக்கல். எழுத்தாளர் பாத்திரத்தை நேசிக்கத் தொடங்கி, பிறகு அதற்கு வக்கீலாகிவிடுகிறார். அவருக்கே அது தெரிவதில்லை.

ஒரு பிரதியை, எழுதியவரின் அனுமதியோடு அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒரு தகப்பன். மகளின் மேற்படிப்புக்கென்று போட்டுவைத்த பணத்தை எடுத்துத் தன் தம்பியின் கடனை அடைத்துவிடுகிறார். நாவலின் முதுகெலும்பே இந்தச் செயல்தான். பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது: "வேறு வழியே இல்லாத நிலையில், கனத்த நெஞ்சோடு, அவர் அந்தப் பாஸ்புத்தகத்தை எடுத்தார்." அடுத்த பத்தியில் அவருடைய கண்கள் கலங்கின. அதற்கடுத்த பக்கத்தில் மகள் வந்தாள், விஷயம் அறிந்தாள், "நீங்கள் செய்தது சரிதான் அப்பா" என்றாள். பதினேழு வயதுப் பெண்!

பென்சிலால் முதல் இரண்டு சொற்றொடர்களையும் அடித்தேன். "அவர் அந்தப் பாஸ்புத்தகத்தை எடுத்தார்" என்பது மட்டும் நின்றது. அதைப் படித்தவுடன் எழுத்தாளர் பதறினார். இப்படிப் போட்டால் வாசகர்கள் அவரைத் திருடன் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். அந்த மகள் அன்றிரவு உண்மையில் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை; உடனே பதில் வந்தது. "சாப்பிடாமல் படுத்துவிடுவாள். ஒரு மாதம் அவரோடு பேச மாட்டாள்." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தகப்பனைக் காப்பாற்றுவதற்காக மகளைப் பொய் பேச வைத்திருந்தார்.

திருத்திய பிரதியில் அந்த ஒரு மாதம் முழு அத்தியாயமாக வந்தது. தகப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. மகள் எழுவதற்கு முன் தினமும் அவளுடைய சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு நிறுத்தினார். எண்ணெய் கையிலும் உடையிலும் ஒட்டுகிறது என்று அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். அந்த மனிதர்மேல் எனக்குப் பரிவு வந்தது அந்த இடத்தில்தான். கலங்கிய கண்களைப் பார்த்தபோது வராதது.

இந்த வக்கீல் வேலையைப் பிரதியில் கண்டுபிடிப்பது கடினமில்லை. செல்லப் பாத்திரம் தவறு செய்யும் வாக்கியங்களில் காரணம் முன்னால் வரும், செயல் பின்னால் ஒளிந்து வரும். அவரைப் பற்றிப் பிறர் பேசும்போதெல்லாம் பாராட்டாகவே இருக்கும். அவரோடு வாதிடுகிறவர்கள் எல்லோரும் மந்தபுத்திக்காரர்களாக இருப்பார்கள். அவர் பேசும்போது யாரும் குறுக்கிட மாட்டார்கள். நிஜ வீடுகளில் ஒருவரை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவிடுகிறவர்கள் யார்? அவருக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறைகள் இருக்கும், ஆனால் எல்லாம் அழகான குறைகள்: முன்கோபம், அளவுக்கு மீறிய நேர்மை, மற்றவர்களை எளிதில் நம்பிவிடுவது. கஞ்சத்தனமோ பொறாமையோ அவருக்கு வரவே வராது.

சந்தேகமாக இருந்தால் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். அந்தக் காட்சியை, அதில் பாதிக்கப்பட்டவரின் கண் வழியாக ஒரு பக்கம் எழுதுங்கள். நாவலில் சேர்ப்பதற்கு அல்ல. எழுதி முடித்ததும் மூலக் காட்சியைப் படித்தால் எந்தச் சொற்கள் சாட்சி சொல்கின்றன, எந்தச் சொற்கள் வாதாடுகின்றன என்று தெரிந்துவிடும்.

நேசத்தின் மறுபக்கம் சலிப்பு. கோனான் டாயில் 1891-லேயே, ஷெர்லக் ஹோம்ஸைக் கொன்றுவிடலாம் என்று நினைப்பதாகத் தன் தாய்க்கு எழுதினார். அந்தத் துப்பறிவாளன் தன் மனத்தை மேலான வேலைகளிலிருந்து இழுத்துவிடுகிறான் என்பது அவருடைய குறை. 1893-இல் அருவியில் தள்ளிக் கொன்றும்விட்டார். பத்தாண்டு கழித்து, 1903-இல், உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அகாதா கிறிஸ்டி இன்னும் முன்யோசனைக்காரர். தன் துப்பறிவாளர் புவாரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்தார். அது வெளிவந்தது 1975-இல். தொடர் நாவல் எழுதுகிறவர்கள் இந்தச் சலிப்பை மறைக்க வேண்டியதில்லை. நாவலுக்கு அதிகக் கேடு செய்வது வெறுப்புதான். வில்லனை எழுத்தாளரே வெறுத்தால், அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் "ஏளனமாகச் சிரித்தான்" வந்துவிடும். அப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கும் ஆளைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

வக்கீல் வேலை செய்யாமல் பாத்திரத்தின் பின்னாலேயே போனவருக்கு நம் மொழியில் ஜெயகாந்தனைச் சொல்லலாம். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' கதையில், முன்பின் தெரியாதவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரறியச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பிறகு தொடர்ந்து போனார். அதிலிருந்து வந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. முதல் கதையில் தான் காப்பாற்றிய பெண்ணை, அந்தக் காப்பு இல்லாத வாழ்க்கைக்குள் அவரே அனுப்பிப் பார்த்தார். அந்த நாவலின் நாயகி கங்கா யாருடைய இரக்கத்தையும் கேட்டு நிற்பதில்லை.

இன்னொரு வகை உறவைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். தெரிந்த மனிதரை அப்படியே தூக்கிவந்து வைப்பது. பழைய மேலதிகாரி, பிரிந்த துணை, பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு. இங்கே எழுத்தாளர் வக்கீலாக இருப்பதில்லை, வழக்குத் தொடுத்தவராக இருக்கிறார். காட்சி ஒட்டவில்லையே என்று கேட்டால், "உண்மையில் இப்படித்தான் நடந்தது" என்று பதில் வரும். நடந்தது என்பது நாவலுக்குள் செல்லுபடியாகும் காரணம் அல்ல.

சட்டச் சிக்கல் தனி. "பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வாசகம் பரவியதற்கே ஒரு வழக்கு காரணம். ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த ரஸ்புடினைப் பற்றி 1932-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில், வேறு பெயரில் காட்டப்பட்ட இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். 1934-இல் 25,000 பவுண்டு இழப்பீடு அவருக்குக் கிடைத்தது. பெயரை மாற்றியது படநிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. அதற்கு முன்பே, 1909-இல், ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கற்பனையாக வைத்த 'ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ்' என்ற பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்துவிட, அவதூறு செய்யும் எண்ணம் இல்லை என்ற வாதத்தைப் பிரிட்டனில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்; விவரம் வேண்டுமென்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் தெரிந்தவர்கள் படித்தால் இன்னார்தான் என்று கண்டுகொள்வார்களா என்ற கேள்வியை அச்சுக்குப் போவதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ள முடியும். தொழில், உடல்வாகு, குடும்பம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முக்கியமாக, அவர் அதைச் செய்ததற்கான காரணத்தை மாற்றுங்கள். காரணம் மாறியதும் பாத்திரம் நீங்கள் எதிர்பாராததைச் செய்யத் தொடங்கும். பழிவாங்கும் ஆசையும் பெரும்பாலும் அங்கேயே தளர்ந்துவிடும்.

எழுதி முடித்த பிறகு வரும் வெறுமையைப் பலரும் சொல்கிறார்கள். சிலர் பிரதியைக் கொடுக்க மனமில்லாமல் காற்புள்ளியை எடுப்பதும் வைப்பதுமாக மாதங்களைக் கடத்துவார்கள். சிலர் இறுதியில் ஒரு பின்கதை சேர்ப்பார்கள்: அவளுக்கு வேலை கிடைத்தது, அவனும் திருந்தினான், எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். எனக்கு வரும் பிரதிகளில் நான் முதலில் வெட்டச் சொல்வது அந்த அத்தியாயத்தைத்தான். எழுதவே கூடாது என்று சொல்வதில்லை. எழுதுங்கள், தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சுக்குப் போகும் பிரதியோடு சேர்த்து அனுப்பாதீர்கள்.